வெளியேறியவர்களும் குழியும்

1

பிளஸ் டூ இயற்பியல் படித்த எவருக்கும் ஓர் எண் மனப்பாடமாக இருக்கும்: விநாடிக்கு 11.2 கிலோமீட்டர். பூமியின் பிடியை விட்டு, திரும்பி விழாமல் ஒரு பொருள் போக வேண்டுமானால் அதற்கு இந்த வேகம் வேண்டும். பாடநூல் இதை விடுபடு திசைவேகம் என்று சொல்கிறது. விடுபடுதல், விடுதலை இரண்டுக்கும் வேர் ஒன்றே. பொருளும் ஒன்றுதானா? இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி அதுதான்.

நம் கூட்டங்களில் இது வெவ்வேறு வார்த்தைகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. "படிச்சான், உத்தியோகம் வாங்குனான், டவுன்ல வீடு கட்டுனான், இப்ப சேரிப் பக்கம் தலவெச்சுக்கூட படுக்கறதில்ல" என்று ஒரு தரப்பு. "நான் பட்டது போதும்பா. எம் புள்ளையாவது இதெல்லாம் தெரியாம வளரட்டும். அது ஒரு குத்தமா?" என்று இன்னொரு தரப்பு. முதல் தரப்பு இரண்டாவதைத் துரோகம் என்கிறது. இரண்டாவது முதலாவதைப் பொறாமை என்கிறது. வாய்ச்சண்டையாகவே முடிந்து போகிறது. வெளியேறுவது என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது, ஒருவர் போனபின் மிஞ்சியவர்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்குப் போட்டது மனிதர்களைப் பற்றி அல்ல, நட்சத்திரங்களைப் பற்றி. ஒரு நட்சத்திரக் கூட்டத்தை விட்டு ஒரு நட்சத்திரம் எப்படி வெளியேறுகிறது என்பது கடந்த நூறு ஆண்டு வானியலில் பெரிய ஆராய்ச்சி. அதில் முக்கியமான ஒரு பங்கைச் செய்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவர். நட்சத்திரத்தை வைத்து ஜாதகம் எழுதி, பிறந்த நேரத்தைச் சொல்லி மனுசனை மட்டம் தட்டிய நாட்டில், நட்சத்திரம் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாமும் தெரிந்துகொள்வது தப்பில்லை. வானம் யாருடைய மிராசும் அல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்துக்குச் சாதி இல்லை, நியாய அநியாயம் இல்லை. இயற்கையைக் காட்டி சமூகத்தை நியாயப்படுத்துவது அவர்கள் வேலை. முகம், தோள், தொடை, பாதம் என்று உடம்பைக் காட்டி வர்ணம் சொன்னவர்கள் அவர்கள். நான் அதையே தலைகீழாகச் செய்ய வரவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பது தெரியும். பொருந்தாத இடத்தில்தான் அறம் தொடங்குகிறது.

2

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. விஜயராகவப் பெருமாள் கோயில். புள் என்றால் பறவை. சீதையைத் தூக்கிக்கொண்டு போன இராவணனை மறித்துச் செத்த ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த குழி என்று தலபுராணம். ஒரு பறவைக்குச் சாமியே காரியம் செய்த கதை. நல்ல கதைதான். ஆனால் மனுசப் பிணம் பொதுப்பாதை வழியாகப் போகக்கூடாது என்று மறிக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னமும் இருக்கின்றன. சுடுகாடு இரண்டாக இருக்கிற ஊர்களை எண்ணி மாளாது. பறவைக்குக் கிடைத்தது பறையனுக்குக் கிடைக்கவில்லை என்று எழுத எனக்குக் கை நடுங்கவில்லை. ஏனென்றால் அது வெறும் உண்மை.

இதே ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. அது தப்பித்தலைப் பற்றியது. இராமானுசர் இளம்வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்று வைணவ மரபு சொல்கிறது. வேத வாக்கியங்களுக்குப் பொருள் சொல்வதில் குருவுக்கும் சிஷ்யனுக்கும் முரண்பாடு. கேள்வி கேட்கும் மாணவனைக் காசி யாத்திரைக்குக் கூட்டிப்போய் வழியிலேயே முடித்துவிடுவது என்று குரு தரப்பில் திட்டம். உடன் வந்த தம்பி முறையான கோவிந்தன் இரகசியமாக எச்சரிக்கிறான். விந்திய மலைக் காட்டில் இரவோடு இரவாக இராமானுசர் பிரிந்து ஓடுகிறார். திக்குத் தெரியாத காட்டில் ஒரு வேடனும் வேடச்சியும் வழிகாட்டிக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவர்களைக் காணோம். வந்தது வரதராசரும் பெருந்தேவித் தாயாருமே என்று கதை முடிகிறது.

எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியமாகப் படுகிறது. ஒன்று, கொலையிலிருந்து தப்பிக்க ஓடத் தெரிந்தால் மட்டும் போதவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இரண்டு, வழிகாட்டியவன் வேடன் என்பதை அந்த மரபால் ஒரு இராத்திரிக்கு மேல் தாங்கிக்கொள்ள முடியவில்லை. விடிவதற்குள் அவனைச் சாமியாக்கிவிட்டது. வேடன் வேடனாகவே இருந்து ஒரு பிராமணப் பையனைக் காப்பாற்றினான் என்றால் என்ன குறைந்து போயிருக்கும்? உதவியை எடுத்துக்கொள்வார்கள். உதவியவன் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது ஒரு குழியும் எங்கள் பக்கத்தில் உண்டு. தறிக்குழி. நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை: உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் நெய்து ஊடையைப் பூட்டிச் சேர்ப்பது. அதற்கு மூன்று நாடா, இரண்டு ஆள். இரண்டாவது ஆள் நெடுங்காலம் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான், இருந்தாள். அப்பன் அட்வான்ஸ் வாங்கியிருப்பான், பிள்ளை தறியில் உட்காரும். கூலியில் கடன் கழியாது. கல்யாணம், காய்ச்சல், மழைக்காலம் என்று அட்வான்ஸ் மேல் அட்வான்ஸ் ஏறும். கடனை ஒரே தவணையில் கட்டினால்தான் பிள்ளையை எழுப்பிக்கொண்டு போகலாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. 27 வருடம் கழித்து, 2003இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பகுதி எந்தத் தெருப் பிள்ளைகள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஈர்ப்பு விசையைப் பற்றிப் பேசுகிறவர்களும் குழி என்றே சொல்கிறார்கள். எடையுள்ள எதுவும் தன்னைச் சுற்றி ஒரு ஈர்ப்புக் குழியை உண்டாக்குகிறது. வெளியேற வேண்டுமானால் அந்தக் குழியின் ஆழத்துக்குச் சமமான ஆற்றலைக் கையில் வைத்திருக்க வேண்டும். எங்கள் மொழியில் சொன்னால், அட்வான்ஸை முழுசாகக் கட்ட வேண்டும்.

3

நாம் இருக்கும் பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒளிக்கே ஒரு லட்சம் ஆண்டு ஆகும். சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, விநாடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். சூரியன் இருக்கும் இடத்திலிருந்து ஒரு நட்சத்திரம் பால்வீதியை விட்டே போக வேண்டுமானால் விநாடிக்கு 550 கிலோமீட்டர் அளவில் வேகம் வேண்டும். அதாவது இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் குழியை வெட்டியது யார்? காவலாளி யாரும் இல்லை, வேலி இல்லை, மதில் இல்லை. ஒவ்வொரு நட்சத்திரமும் மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்கிறது. எல்லா இழுப்பும் சேர்ந்ததுதான் குழி. அது மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள், வாயு எல்லாவற்றின் எடையையும் கூட்டினாலும் அவ்வளவு ஆழம் வருவதில்லை. 1970களில் வேரா ரூபின் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி வேறு விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்து பார்த்து, வெளிவட்டத்து நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகச் சுற்றுவதைக் காட்டினார். ஒளி விடாத, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுதான் பெரும்பங்கு இழுக்கிறது என்பது இன்று வானியலில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு.

டீக்கடை இரட்டைக் குவளை கண்ணுக்குத் தெரியும். அதை உடைத்தோம், வழக்குப் போட்டோம், பல இடத்தில் பேப்பர் கப்பும் வந்துவிட்டது. "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்கிறார்கள். குவளையின் எடையை மட்டும் கூட்டினால் குழி ஆழமில்லாத மாதிரித்தான் தெரியும். பெண் கேட்டுப் பார், வீடு வாடகைக்குக் கேட்டுப் பார், அப்புறம் தெரியும் ஆழம். சாதியையும் எந்தக் காவலாளியும் நிறுத்தி வைக்கவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து இழுப்பதால் யாருக்கும் தான் இழுப்பதாகத் தோன்றுவதில்லை.

4

1964இல் மிஷேல் ஏனோன் என்ற பிரெஞ்சுக்காரரும் கார்ல் ஹைல்ஸ் என்ற அமெரிக்க மாணவரும் ஒரு கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். விண்மீன் மண்டலத்தின் குழிக்குள் ஒரே ஒரு நட்சத்திரத்தை ஓடவிட்டால் அது எப்படி ஓடும்? அதற்காக மிக எளிமையான ஒரு குழியை எடுத்துக்கொண்டார்கள்.

ஆற்றல் குறைவாக இருந்தபோது நட்சத்திரம் ஒழுங்காகச் சுற்றியது. தறியில் விழும் டிசைன் மாதிரி, போன தடத்திலேயே வந்தது. நாளைக்கு எங்கே இருக்கும் என்று இன்றைக்கே சொல்லலாம். ஆற்றலைக் கூட்டக் கூட்ட ஒழுங்கு உடைந்தது. சில தடங்கள் மட்டும் தீவுகள் போல ஒழுங்காக மிஞ்சின. சுற்றிலும் தாறுமாறான ஓட்டம், ஒரு கடல் மாதிரி. இதைத்தான் கேயாஸ் என்கிறார்கள். கேயாஸ் என்றால் விதி இல்லை என்று பொருள் அல்ல. விதி அதே விதிதான். ஆனால் தொடக்கத்தில் மயிரளவு வித்தியாசம் இருந்தால் போதும், போகப்போக இரண்டு நட்சத்திரமும் சம்பந்தமே இல்லாத இடங்களுக்குப் போய்விடும்.

ஆற்றல் ஒரு எல்லையைத் தாண்டியதும் அந்தக் குழியின் விளிம்பில் மூன்று இடங்களில் வாசல் திறக்கிறது. இனி நட்சத்திரம் வெளியே போகலாம். போகிறதா? இங்கேதான் கவனிக்க வேண்டும். கையில் ஆற்றல் இருக்கிறது, வாசலும் திறந்திருக்கிறது, ஆனாலும் உடனே போய்விடுவதில்லை. வாசல் குறுகல். சுவரில் மோதி மோதித் திரும்பி, எத்தனையோ சுற்று அலைந்து, தற்செயலாக வாசலுக்கு நேராக வந்தால்தான் வெளியேற்றம். பக்கத்தில் பக்கத்தில் புறப்பட்ட இரண்டில் ஒன்று இந்த வாசல் வழியாகப் போகிறது, மற்றது எதிர் வாசல் வழியாகப் போகிறது, அல்லது போகாமலே கிடக்கிறது. எந்தத் தொடக்கம் எந்த வாசலில் முடியும் என்று வரைபடம் போட்டால் எல்லைக்கோடு தெளிவாக விழுவதில்லை. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கலந்தே கிடக்கிறது. ஒழுங்குத் தீவுகளுக்குள் மாட்டிக்கொண்டவையோ போதுமான ஆற்றல் இருந்தும் என்றைக்குமே வெளியேறுவதில்லை. தீவின் ஓரத்தில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டு சுற்றிவிட்டு ஒரு நாள் சட்டென்று விடுபடுகிறவையும் உண்டு.

இதை வைத்து இரண்டு பேருக்குப் பதில் சொல்லலாம்.

முதலாவது, கன்மவாதிக்கு. பிறப்பிலேயே எல்லாம் எழுதியாயிற்று என்கிறவர்கள் நட்சத்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி பிறழ்ந்துவிட்டது. விதிகள் அணுவளவும் பிசகாத இடத்தில்கூட, தொடக்கத்தை வைத்து ஒரு தனி நட்சத்திரத்தின் முடிவைப் படித்துவிட முடியவில்லை. நட்சத்திரத்தின் தலையெழுத்தையே படிக்க முடியாதபோது, அதை வைத்து எங்கள் தலையெழுத்தை எந்தக் கண்ணால் படித்தார்கள்?

இரண்டாவது, தகுதி பேசுகிறவர்களுக்கு. "இடஒதுக்கீடு குடுத்தாச்சு, ஸ்காலர்ஷிப் குடுத்தாச்சு, இன்னும் ஏன் மேல வரல?" என்று கேட்கிறார்கள். படிப்பு ஆற்றலைத் தரும். வாசலைத் தராது. டிகிரி முடித்துவிட்டு மறுபடியும் கூலிக்குப் போகிற பையன்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனுக்கு ஆற்றல் குறைவில்லை. இன்டர்வியூவில் அப்பா பெயரையும் ஊரையும் கேட்கும் இடத்தில் சுவரில் மோதித் திரும்பியிருக்கிறான். வாசல் எந்தப் பக்கம் என்று சொல்ல அவனுக்கு மாமா இல்லை, சித்தப்பா இல்லை. விந்திய மலைக் காட்டில் வந்த வேடனைப் போல ஒருவன் வேண்டியிருக்கிறது.

5

மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்று சொன்னேனே, அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்த தமிழர். 1930இல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். கப்பலிலேயே அவர் போட்ட கணக்கு பிற்பாடு நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய சந்திரசேகர் எல்லை ஆயிற்று. 1935இல் லண்டனில் எடிங்டன் என்ற பெரிய விஞ்ஞானி சபையிலேயே அதைக் கேலி செய்தார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகம். 1983இல் நோபல் பரிசு. 1995இல் மறைந்தார்.

1942, 1943 ஆண்டுகளில் அவர் நட்சத்திரக் கொத்துகளைப் பற்றி எழுதினார். கொத்து என்பது சில நூறு முதல் சில லட்சம் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டம். அதற்குள் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று கடக்கும்போது இழுத்துக்கொள்கின்றன. ஒன்றுக்கு வேகம் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். எப்போதாவது ஒன்றுக்கு விடுபடு வேகம் கிடைத்துவிடும், அது போய்விடும். எந்த நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை காலத்தில் எத்தனை போகும் என்று சொல்ல முடியும். தனி நட்சத்திரத்தின் விதி கணக்குக்கு அகப்படாது. வெளியேறும் வீதம் அகப்படும். அந்த வீதத்தைத் தீர்மானிப்பது கொத்தின் எடையும் அடர்த்தியும், அதாவது குழியின் குணம். போன நட்சத்திரத்தின் குணம் அல்ல.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நம்மாட்கள் இந்தக் கணக்கைப் படிக்கலாம். ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிவு வந்ததும் பேப்பரில் ஒரு படம் வரும்: கூலித் தொழிலாளி மகள் சாதனை. சந்தோசம்தான், நானும் கைதட்டுகிறேன். ஆனால் அந்தப் படம் எதற்குச் சாட்சியாக வைக்கப்படுகிறது? "பார், முயற்சி இருந்தா முடியும்" என்று மிஞ்சிய பிள்ளைகள் மீது பழியைப் போட. வெளியேறிய ஒன்றைக் காட்டிக் குழியே இல்லை என்று சொல்ல. நாம் கேட்க வேண்டியது யார் போனார்கள் என்று அல்ல; எத்தனை பேருக்கு எத்தனை பேர், எவ்வளவு காலத்தில் என்று. கதை கேட்காதே, வீதம் கேள்.

சந்திரசேகர் கண்டுபிடித்த இன்னொன்று இயக்க உராய்வு. கூட்டத்துக்கு நடுவே ஒரு நட்சத்திரம் வேகமாகப் போகும்போது, அது போன தடத்தில், அதற்குப் பின்னால், மற்ற நட்சத்திரங்கள் கொஞ்சம் கூடுகின்றன. அந்தக் கூட்டம் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. பகையால் அல்ல, வெறும் ஈர்ப்பால். இதனால் வெளியேறும் வீதம் குறைகிறது. எடை அதிகமான நட்சத்திரத்துக்கு இந்த இழுப்பும் அதிகம். அது மையத்தை நோக்கி இறங்கும். எடை குறைந்தவை விளிம்புக்குப் போகும், அவைதான் சுலபமாக வெளியேறும்.

முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மாதச் சம்பளத்திலேயே அக்காவின் சீட்டுப் பணம், தம்பி பீஸ், அம்மாவின் கண் ஆபரேஷன், அப்பா வாங்கிய அட்வான்ஸ். பின்னால் இழுப்பது எதிரி இல்லை, சொந்த ரத்தம். சுமை அதிகம் உள்ளவன் உள்ளேயே இறங்கிவிடுகிறான். லேசானவன் போகிறான். போனவன் எல்லாம் கெட்டிக்காரன், நின்றவன் எல்லாம் மட்டி என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கட்டும். நின்றவர்களில் பலர் கனமானவர்கள்.

சந்திரசேகரின் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. வெள்ளைக்காரன் நாட்டில் நிறம் பார்த்ததை அவரும் சந்தித்திருக்கிறார். ஆனால் அவருக்குச் சித்தப்பா சர் சி.வி. ராமன். வாசல் எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே தெரிந்திருந்தது. அவருக்கு முன்பே, 1920இல், நட்சத்திரத்தின் ஒளியை வைத்து அதன் வெப்பத்தைப் படிக்க வழி சொன்ன மேகநாத் சாகா டாக்காவுக்குப் பக்கத்தில் ஏழைக் கடைக்காரர் மகன். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர். கல்கத்தாவில் படிக்கும்போது மாணவர் விடுதியில் மேல்சாதிப் பிள்ளைகள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள். நட்சத்திரம் எதனால் ஆனது என்று உலகத்துக்குப் படிக்கச் சொல்லித்தந்தவருக்குச் சோற்றுப் பந்தியில் இடமில்லை. சேரியிலிருந்து ஒரு சந்திரசேகரோ சாகாவோ வரவில்லையே என்று கேட்கிறவர்கள், எங்கள் பிள்ளைகள் எத்தனை வயதில் தறியில் உட்கார்ந்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்கட்டும்.

6

மிக வேகமாக வெளியேறும் நட்சத்திரங்கள் உண்டு. 1988இல் ஜாக் ஹில்ஸ் என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: பால்வீதியின் நடுவில் இருக்கும் பெரும் கருந்துளைக்கு அருகே ஒரு ஜோடி நட்சத்திரம் வந்தால், ஒன்றைக் கருந்துளை பிடித்துக்கொள்ளும், மற்றது பயங்கர வேகத்தில் வீசி எறியப்படும். 2005இல் அப்படிப்பட்ட முதல் நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. 2019இல் அறிவிக்கப்பட்ட இன்னொன்று விநாடிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுக்கு முன் மையத்திலிருந்து புறப்பட்டிருக்கிறது. அதற்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது? உள்ளே விழுந்த ஜோடியிடமிருந்து. ஒன்று இறங்கியதால் ஒன்று ஏறியது.

ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க இன்னொரு பிள்ளையின் படிப்பை நிறுத்தாத வீடு எங்கள் தெருவில் எத்தனை? பெரும்பாலும் நிறுத்தப்படுவது பெண்பிள்ளை. தம்பி காலேஜுக்குப் போன பஸ் டிக்கெட் அக்காவின் விரலில் ஓடிய ஜரிகை. இதைச் சொல்வது தம்பியைக் குற்றவாளியாக்க அல்ல. கணக்கை முழுசாக எழுத.

கொத்துகளிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு நட்சத்திரமாக வெளியேறும்போது மிஞ்சிய கொத்து லேசாகிப் பரந்துபோகும் என்று நினைப்போம். நடப்பது எதிர்மாறு. மிஞ்சியவை இன்னும் நெருக்கமாகச் சுருங்குகின்றன, மையம் அடர்த்தியாகிறது. போனது போக, உள்ளே குழி இன்னும் ஆழமாகலாம். மனு எழுதத் தெரிந்தவன் போய்விட்டான்; தாசில்தாரிடம் குரல் உயர்த்திப் பேசத் தெரிந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மிஞ்சிய தெரு முன்பைவிட இறுகிப் போகிறது. முதல் தரப்பு தோழர்களின் கோபத்தில் இந்த உண்மை இருக்கிறது.

சரி, போனவர்கள் எங்கே போனார்கள்? கொத்தை விட்டுப் போன நட்சத்திரம் பால்வீதியின் குழிக்குள்தான் இருக்கிறது. பால்வீதியை விட்டே போனாலும், பக்கத்து மண்டலங்கள் எல்லாம் சேர்ந்த இன்னும் பெரிய குழி ஒன்று இருக்கிறது. குழிக்குள் குழி. படிநிலைச் சமத்துவமின்மை என்று பாபாசாகேப் சொன்னதை இதைவிடத் தெளிவாக வானத்தில் எழுதிக்காட்ட முடியாது.

எங்கள் செங்கல்பட்டுச் சீமையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. கலெக்டர் திரெமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததை, அதைக் காட்டியே அவர்களை மிரட்டி அடக்க முடிந்ததைச் சொல்கிறது. எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். அதனால் ஜனங்கள் ஓடினார்கள்: மதராசுக்கு, பர்மாவுக்கு, நேட்டாலுக்கு, மலேயாவுக்கு, இலங்கைக்கு. தமிழ்ச் சீமை முழுக்க இதே ஓட்டம்தான். இலங்கைத் தோட்டத்தில் என்ன காத்திருந்தது? கங்காணி கொடுத்த முன்பணமும், அந்தக் கடனை எழுதிய துண்டும். துண்டு கட்டினால்தான் தோட்டம் மாறலாம். தறி அட்வான்ஸுக்கு அது அண்ணன். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல், அந்த இரண்டு விஞ்ஞானிகள் நட்சத்திரம் வெளியேறும் கணக்குப் போட்ட அதே வருடத்தில், சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. பங்கு பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. நான்கு தலைமுறைக்கு முன் ஓடித் தப்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளைக் குழி திரும்ப இழுத்துக்கொண்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் வாடகை வீடு தேடும் நம் ஆபீசரிடம் வீட்டுக்காரம்மா சிரித்த முகத்தோடு "சாருக்குச் சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு?" என்று கேட்கிறாள். அவர் ஏறி வந்தது ஒரு குழியிலிருந்து. நிற்பது இன்னொரு குழியின் தரையில்.

7

அப்படியானால் வெளியேறுவது வீண் என்று சொல்கிறேனா? இல்லை. தறியிலிருந்து எழுந்து பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையையும் திரும்பி உட்கார் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, எவருக்கும் கிடையாது. குழி ஆழமானதற்குப் போனவன் காரணம் இல்லை. குழியை வெட்டியவர்களைக் கேட்காமல் ஏறியவனைக் கேட்பது, திருடனை விட்டுவிட்டுத் தப்பி ஓடியவனைப் பிடிப்பது மாதிரி. துரோகி என்ற வார்த்தையை நாம் கைவிட வேண்டும்.

அதே மூச்சில் இரண்டாவது தரப்பு தோழர்களுக்கும் ஒன்று: "எம் புள்ளைக்குத் தெரியாம வளக்கறேன்" என்பது நடக்காத காரியம். குழிக்குள் குழி இருக்கும்வரை நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே சேரிக்கு நீங்கள் செய்ய வேண்டியது நன்றிக்கடன் அல்ல, தர்மமும் அல்ல. உங்கள் சொந்த வேலைதான் பாதியில் நிற்கிறது. அதை முடிக்கக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

எப்படி முடிப்பது? கடைசியாக ஒரு தடவை வானத்தைப் பார்ப்போம். நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான், பெரிய வாயு மேகத்துக்குள் பிறக்கின்றன. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் புதிய நட்சத்திரங்களின் ஒளியும் காற்றும் அந்த வாயுவை ஊதித் தள்ளிவிடுகின்றன. வாயுவின் எடை போனதும் குழியின் ஆழமே குறைந்துவிடுகிறது. அப்போது எந்த நட்சத்திரமும் தனியாக வேகம் சேர்க்க வேண்டியதில்லை, ஜோடியைக் காவு கொடுக்க வேண்டியதில்லை; இருந்த வேகத்திலேயே ஏராளமானவை சேர்ந்து விடுபடுகின்றன. அப்படிப் பிறந்த கூட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கலைந்திருக்கின்றன. நம் சூரியனும் அப்படி ஒரு கூட்டத்தில் பிறந்ததாகவே கருதுகிறார்கள். அந்தக் கூட்டம் இன்றைக்கு இல்லை.

ஆக வெளியேற்றம் இரண்டு வகை. ஒவ்வொருவராக ஏறிப் போவது ஒன்று. குழியே தூர்ந்து போவது மற்றொன்று. முதலாவதற்கு விடுபடுதல் என்று பெயர் வைக்கலாம். விடுதலை என்ற பெயரை இரண்டாவதற்கு மட்டும்தான் வைக்க வேண்டும். அம்பேத்கர் 1936இல் எழுதிய நூலுக்குச் சாதியிலிருந்து தப்பிக்கும் வழி என்று பெயர் வைக்கவில்லை; சாதியை அழித்தொழித்தல் என்று வைத்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அவருக்கு விடுபடு வேகம் எப்போதோ கிடைத்துவிட்டது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் தனியாகப் போகவில்லை, லட்சக்கணக்கான பேரோடு சேர்ந்து போனார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டபோதும் தனக்கு மட்டும் ஒரு வாசல் தேடவில்லை.

நட்சத்திரத்தோடு ஒப்பிடுவது இங்கே முடிகிறது. வானத்தில் குழியை யாரும் வெட்டவில்லை, யாரும் தூர்க்கவும் முடியாது. பூமியில் இருப்பதை மனுசன் வெட்டினான். மண்வெட்டியின் அடையாளம் தெரிகிறது: நிலம், கடன், சாத்திரம், கல்யாணம். ஆகவே தூர்க்கவும் முடியும், எந்தப் பக்கத்திலிருந்து தூர்ப்பது என்றும் தெரியும். திரெமென்கீர் அறிக்கையை ஒட்டி 1892இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது தூர்ப்பது. அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் எங்கள் பக்கத்துக் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். தறியில் அட்வான்ஸ் முறையை ஒழிப்பது தூர்ப்பது. இரண்டு சுடுகாட்டை ஒன்றாக்குவது தூர்ப்பது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வெட்டக் கொடுக்காமல் காப்பது தூர்ப்பது.

நாளைக்கு நம் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எங்க தெருவுலருந்து ஒரு பையன் அமெரிக்கா போயிட்டான் தோழர்" என்று பெருமையாகச் சொன்னால் கைதட்டுங்கள். தட்டி முடித்ததும் உட்காராமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அவன் போனபின் தெருவில் குழி எத்தனை அடி?